பாவித்த உழவு இயந்திரம் வாங்குமுன்

காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வரும் மாசி, பங்குனி மாதங்களில் எம்மிடம் அடிக்கடி ஒரு கேள்வி வரும். "பாதர், ஒரு லான்ட்மாஸ்டர் விலைக்கு வந்திருக்கு. பெட்டியோட தாறன் எண்டு சொல்லுறான். வாங்கலாமோ?" கேட்பவர் பெரும்பாலும் அரை மனத்தில் வாங்கிவிட்டுத்தான் வருகிறார். வீட்டுக்காரியின் சங்கிலி அடைவுக்குப் போகத் தயாராக இருக்கும். எம்மிடம் அவர் எதிர்பார்ப்பது ஒரு "ஓம்" மாத்திரமே.

அந்த "ஓம்" என்ற சொல்லைச் சொல்லுமுன் நாம் இப்போது சற்றுத் தயங்குகிறோம். அதற்குக் காரணம் எமது சொந்த அனுபவமே. 2011ஆம் ஆண்டு, மீளக்குடியேறிய ஒரு கிராமத்தின் விவசாயக் குழுவுக்காக நாமே முன்னின்று ஒரு பாவித்த இருசில்லு இயந்திரத்தை வாங்கிக் கொடுத்தோம். புதிதாக வர்ணம் பூசி அழகாக நின்றது. நாம் போன வேளையில் எஞ்சின் சூடாகவே இருந்தது. "இப்பதான் உழுதுபோட்டு வந்து நிக்குது" என்று உரிமையாளர் சொன்னதை நம்பினோம். ஒரே அடியில் ஸ்ராட் ஆகியது. காசைக் கொடுத்துவிட்டு வந்தோம். இரண்டாவது கிழமையே சேற்றில் இழுவை குறைந்து, நீலப் புகை தள்ளத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தபோது பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து, சிலிண்டர் கீறிக் கிடந்தது. அதைவிடப் பெரிய துன்பம் பின்னர்தான் தெரிந்தது: எஞ்சினிலே பொறித்திருந்த இலக்கமும் பதிவுப் புத்தகத்திலிருந்த இலக்கமும் வேறு வேறு. அந்தப் பணம் பதினொரு குடும்பங்களின் சேமிப்பு. அவ்வருடம் அவர்களுடைய வயல்கள் பிந்தியே விதைக்கப்பட்டன.

அந்தத் தவறிலிருந்து நாம் கற்றவற்றையும், அதன் பின்னர் அனுபவமுள்ள திருத்துநர்களிடமும் விவசாயிகளிடமும் கேட்டறிந்தவற்றையும் இப்பாடத்தில் தொகுத்துத் தருகிறோம். இதன் சுருக்கம் இதுதான்: முதலில் வயலைப் பாருங்கள், அடுத்துக் கணக்கைப் பாருங்கள், அதன் பின்னரே இயந்திரத்தைப் பாருங்கள்; பத்திரத்தைப் பார்க்காமல் ஒரு சதமும் கொடாதீர்கள்.

1. எமது வயலுக்கு எது பொருந்தும்?

எம்மிடையே புழக்கத்தில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, நாம் லான்ட்மாஸ்டர் என்று பொதுவாகச் சொல்லும் இருசில்லு இயந்திரம். லான்ட்மாஸ்டர் என்பது முற்காலத்தில் வந்த ஓர் ஆங்கிலேயக் கம்பனியின் பெயர். இன்று கூபோற்றாவோ சீனத் தயாரிப்போ எதுவானாலும் அந்தப் பெயராலேயே அழைக்கிறோம். இவை பெரும்பாலும் 8 முதல் 14 குதிரைவலு கொண்ட, ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்கள். மற்றது நாற்சில்லு இயந்திரம். மசி பேர்குசன் 135 போன்றவை 1960களின் நடுப்பகுதியில் உற்பத்திக்கு வந்தவை. இன்றும் எமது ஊர்களில் உழுதுகொண்டிருக்கின்றன.

எது நல்லது என்று கேட்பதில் பயனில்லை. எந்த மண்ணில், எந்த வேலைக்கு என்று கேட்கவேண்டும். மன்னாரில் கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள முருங்கன் பகுதிக் கருங்களி மண்ணை எடுத்துக்கொள்வோம். காய்ந்தால் வெடித்துக் கல்லாகும். நனைந்தால் சில்லைப் பிடித்துக்கொள்ளும். அந்த மண்ணின் புழுதி உழவை இருசில்லு இயந்திரத்தால் செய்ய முயல்வது மனிதனையும் இயந்திரத்தையும் ஒருசேர வருத்துவதாகும். மண்ணின் மேல் துள்ளுமே தவிர இறங்காது. ஆனால் தண்ணீர் கட்டிய பின் இரும்புச் சில்லுப் பூட்டிச் சேறடிப்பதற்கு அதுவே சிறந்தது. பாரம் குறைவு, வரம்பைச் சிதைக்காது, சிறு வயலிலும் திரும்பும். பாரமான நாற்சில்லு இயந்திரம் ஆழச் சேற்றில் புதைந்தால் அதை வெளியே எடுக்க இன்னொன்று வரவேண்டும். யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களுக்கோ, வன்னியின் மேட்டு நிலத்துச் சிறு துண்டுகளுக்கோ இருசில்லு போதுமானது.

வேலை நேரத்தையும் கணக்கிடலாம். இருசில்லு இயந்திரத்தின் சுழல் கலப்பை 60 சென்ரிமீற்றர் அகலம் என்றும், உழும் வேகம் மணிக்கு 2 கிலோமீற்றர் என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 1,200 சதுர மீற்றர் வரும். திரும்புவது, நிறுத்துவது என்று காற்பங்கைக் கழித்தால் 900 சதுர மீற்றர். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,050 சதுர மீற்றர். ஆகவே ஒரு தடவை உழ நாலரை மணித்தியாலம் எடுக்கும். இரண்டு மீற்றர் அகலமான கொத்துக் கலப்பை பூட்டிய நாற்சில்லு இயந்திரம் மணிக்கு நாலரைக் கிலோமீற்றர் வேகத்தில் அதே வேலையை முக்கால் மணித்தியாலத்துக்குள் முடித்துவிடும். அந்த வேகத்தைப் பார்த்து மயங்குபவர் ஒன்றை மறந்துவிடுகிறார்: மூன்று ஏக்கர்காரருக்கு அந்த இயந்திரம் வருடத்தில் ஒரு சில நாட்களுக்கே சொந்த வேலை செய்யும். மற்ற நாட்களில் அது முற்றத்திலே நிற்கும். அதன் கடன் மட்டும் நிற்காமல் ஓடும்.

இன்னொன்றையும் விசாரிக்கவேண்டும். போர் முடிந்த பின்னர் இந்திய அரசு 500 நாற்சில்லு இயந்திரங்களை வட மாகாணத்துக்கு வழங்கியது. உங்கள் கமநல சேவை நிலையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அப்படியொன்று இயங்கு நிலையில் இருக்கிறதா, வாடகைக்குக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். புழுதி உழவை வாடகை நாற்சில்லுவாலும், சேறடிப்பையும் ஏற்றியிறக்கலையும் சொந்த இருசில்லுவாலும் செய்துகொள்வதே பல சிறு விவசாயிகளுக்குக் கட்டுப்படியான வழி.

2. கணக்கு

கீழே வரும் தொகைகள் உதாரணத்துக்கு மட்டுமே. உங்கள் ஊர் விலையை அவ்விடத்தில் இட்டுப் பாருங்கள்.

பாவித்த இருசில்லு இயந்திரம் பெட்டியுடன் 400,000 ரூபா என்று வைப்போம். ஐந்து வருடம் கழித்து 200,000 ரூபாவுக்கு விற்கலாம். வருடத்துக்குத் தேய்மானம் 40,000. கடன் வட்டி வருடத்துக்கு 40,000. ரயர், பட்டி, திருத்த வேலை, காப்புறுதி யாவும் 40,000. ஆக, இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடச் செலவு 120,000 ரூபா.

ஒரு போகத்துக்கு ஓர் ஏக்கரை இரண்டு தடவை உழ வாடகை 20,000 என்று வைப்போம். சொந்த இயந்திரமானால் டீசல், ஒயில், சாரதி கூலி சேர்த்து 8,000 முடியும். மிச்சம் 12,000. 120,000ஐ 12,000ஆல் வகுத்தால் 10. அதாவது வருடத்தில் பத்து ஏக்கருக்காவது உழைத்தாற்றான் நட்டமில்லை. மூன்று ஏக்கர் வயல் உள்ளவர் இரு போகமும் செய்தால் ஆறு ஏக்கர். சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் இல்லையென்றால் மூன்றே ஏக்கர். மீதியை அயலவர் வயல்களிலோ, பெட்டி பூட்டி மணல், விறகு, நெல் ஏற்றியோ உழைக்கவேண்டும். அதே வேலைக்கு உங்கள் ஊரில் ஏற்கெனவே எத்தனை இயந்திரங்கள் காத்து நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களை எவரும் மறந்திருக்க முடியாது. சிறிய எஞ்சின் வயல் வேலையில் மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை லீற்றர் டீசல் குடிக்கும். ஒரு கலன் டீசலோடு ஒருவர் தமது வயலை ஒருவாறு உழுது முடித்ததை அந்நாட்களில் கண்டோம்.

3. எஞ்சினைப் பரீட்சித்தல்

தனியாகப் போகாதீர்கள். விற்பவரின் திருத்துநரை அல்ல, உங்களுக்குத் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒரு நாட்கூலி வீண் செலவல்ல. காலையில் போங்கள், வெளிச்சத்தில் பாருங்கள்.

(அ) முதலில் எஞ்சினில் கை வையுங்கள். அது குளிர்ந்திருக்கவேண்டும். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். தேய்ந்த எஞ்சின் குளிரில் ஸ்ராட் ஆக மறுக்கும்; சூடானபின் நல்ல பிள்ளையாக நடிக்கும். நாம் ஏமாந்தது இந்த இடத்திற்றான்.

(ஆ) ஸ்ராட் செய்யுமுன் ஒயில் கம்பியை உருவிப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறமென்றால் ஒயிலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. தேன்போல மிகத் தடிப்பாக இருந்தாலும் சந்தேகியுங்கள். புகையையும் தட்டும் சத்தத்தையும் மறைக்கத் தடித்த ஒயில் ஊற்றுவது பழைய தந்திரம்.

(இ) அமுக்கத்தை விடுவிக்கும் நெம்பைத் தூக்காமல் கைபிடியை மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் நன்றாக எதிர்த்து நிற்கவேண்டும். இலேசாகச் சுற்றிக்கொண்டே போனால் ரிங்கோ வால்வோ தேய்ந்துவிட்டது.

(ஈ) ஸ்ராட் ஆனபின் புகையின் நிறத்தைப் பாருங்கள். ஸ்ராட் ஆகும்போது சற்றுப் புகைப்பது இயல்பு. சூடான பின்னும் நீலமாக வந்தால் ஒயில் எரிகிறது. சிலிண்டர் வேலை இருக்கிறது. கறுப்பாக வந்தால் காற்று வடி அடைபட்டிருக்கலாம், அல்லது இன்ஜெக்டர் பழுதாயிருக்கலாம். இது சிறு செலவோடு முடியக்கூடும். விடாமல் வெள்ளையாக வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது.

(உ) எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் ரிங் முடிந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியையும் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடனேயே தண்ணீரில் குமிழிகள் வந்தால் ஹெட் கஸ்கற் போயிருக்கும், அல்லது ஹெட் வெடித்திருக்கும்.

(ஊ) வர்ணத்தை நம்பாதீர்கள். புது வர்ணத்தின் கீழே பிளந்த இரும்பும் ஒட்டுப் போட்ட இடமும் இருக்கலாம். போல்ற் தலைகள் மழுங்கியிருந்தால் பலமுறை கழற்றியிருக்கிறார்கள். எஞ்சின் தாங்கும் சட்டத்தையும் பெட்டி பூட்டும் கொளுக்கியையும் விரலால் தடவிப் பாருங்கள்.

போர்க்காலத்தில் கைவிடப்பட்டு, வெயிலிலும் மழையிலும் கிடந்து பின்னர் ஒன்றிலிருந்து கழற்றி மற்றொன்றுக்குப் பூட்டப்பட்ட இயந்திரங்கள் எமது பிரதேசத்தில் குறைவல்ல. அப்படிச் சேர்த்தவற்றில் நன்றாக உழைப்பனவும் உண்டு. ஆயினும் அதை அறிந்து, அதற்குரிய விலைக்கே வாங்கவேண்டும்.

4. ஓட்டிப் பார்த்தல்

முற்றத்தில் ஓட்டுவது பரீட்சையல்ல. கலப்பை பூட்டி ஈர நிலத்தில் அரை மணித்தியாலமாவது உழச் சொல்லுங்கள். பாரம் ஏறும்போது எஞ்சின் சத்தம் அப்படியே இருக்க, சில்லு மட்டும் நின்றால் கிளச் அல்லது பட்டி வழுக்குகிறது. பட்டி மாற்றுவது சிறு வேலை. கிளச் தட்டு அப்படியல்ல. எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். இழுக்கும்போது கியர் தானாக விழுந்தால் கியர்ப் பெட்டி திறக்கவேண்டிவரும். இரு கைப்பிடியிலுமுள்ள திருப்பும் நெம்புகள் இரண்டும் உடனே பிடித்து உடனே விடவேண்டும். சுழல் கலப்பையின் கத்திகள் தேய்ந்து குறுகியிருந்தால் விலையிற் கழியுங்கள்.

நாற்சில்லுவானால் பாரத்தைத் தூக்கிவைத்து எஞ்சினை நிறுத்துங்கள். கலப்பை உடனே இறங்கினால் ஹைட்ரோலிக் பகுதி கசிகிறது. சுக்கானை அசைத்துப் பாருங்கள். சில்லுத் திரும்பாமல் சுக்கான் மட்டும் அதிகம் ஆடினால் முன் பகுதியில் தேய்மானம் உண்டு. பின் ரயர் இரண்டின் விலையை முன்கூட்டியே கடையில் விசாரித்துச் செல்லுங்கள். மணிமானி காட்டும் எண்ணை நம்பவேண்டாம். மிதிகட்டையின் தேய்வும் கைப்பிடியின் மழுமழுப்பும் உண்மையான வயதைச் சொல்லும்.

உதிரிப்பாகம் பற்றியும் ஒரு சொல். வாங்க எண்ணும் இயந்திரத்தின் பெயரைச் சொல்லி, அருகிலுள்ள பட்டினத்துக் கடைகளில் ரிங், பெயாரிங், கிளச் தட்டு, நொசில் இந்நான்கும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இரண்டு கடையிலும் இல்லையென்றால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். 2020இல் வாகன இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பின்னர் பழைய இயந்திரங்களின் விலை ஏறியது. பாகத்துக்கு அலைந்தவர்களின் துன்பமும் ஏறியது. உங்கள் ஊரில் ஏற்கெனவே பலர் வைத்திருக்கும் வகையே உங்களுக்கும் நல்லது. ஒருவரது பழுதுக்கு மற்றவரது அனுபவம் உதவும்.

5. பத்திரங்கள்

எஞ்சின் பழுதைத் திருத்தலாம். பத்திரத்தின் பழுதைத் திருத்துவது அரிது. இருசில்லு இயந்திரமும் பதிவு செய்யப்படவேண்டிய வாகனமே. பெட்டிக்கும் தனியான பதிவு உண்டு. பின்வருவனவற்றை நீங்களே சரிபாருங்கள்.

எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவுச் சான்றிதழில் உள்ளவாறே இருக்கின்றனவா? கரியும் கிறீசும் மூடியிருந்தால் துடைத்து வாசியுங்கள். அராவி மீண்டும் பொறித்த அடையாளம் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சான்றிதழில் முழு உரிமையாளர் என்று ஏதாவது நிதி நிறுவனத்தின் பெயர் உள்ளதா? இருந்தால் அந்த இயந்திரத்தின் மேல் கடன் நிற்கிறது. நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் உங்கள் பெயருக்கு மாற்ற இயலாது. விற்றவர் தவணை கட்டாமல் விட்டால், அவர்கள் வந்து இயந்திரத்தைத் தூக்கப் போவது உங்கள் முற்றத்திலிருந்தே.

விற்பவரும் பதிவிலுள்ளவரும் ஒருவர்தானா? எம்மிடையே திறந்த பத்திரத்தில், அதாவது முதற் சொந்தக்காரர் வைத்த கையொப்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கைமாறிக் கைமாறி விற்கும் வழக்கம் பரவியுள்ளது. அந்த முதற் சொந்தக்காரர் இன்று எங்கே? போரில் இறந்திருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம். அவரது மனைவியோ பிள்ளைகளோ நாளை வந்து உரிமை கோரலாம். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கலாம். எத்தனையோ குடும்பங்கள் இடப்பெயர்வின்போது தங்கள் இயந்திரத்தை வீதியோரத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். மலிவு என்பதற்காக வேறொருவரது இழப்பை நாம் வாங்கிவிடக்கூடாது.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன விபரத்தைப் பெற்று ஒப்பிடுங்கள். உடன்படிக்கையை எழுதி, இரு சாட்சிகளோடு ஒப்பமிடுங்கள். பெயர் மாற்றம் முடியும்வரை விலையின் ஒரு பகுதியை வைத்துக்கொள்ளக் கேளுங்கள். நேர்மையாக விற்பவர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

6. உயிருக்கு ஒரு சொல்

இருசில்லு இயந்திரத்தில் பெட்டி பூட்டிப் பள்ளத்தில் இறங்கும்போது திருப்பும் நெம்பு எதிர்மாறாக வேலை செய்யும். மட்டமான நிலத்தில் இடது நெம்பைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்திலோ பாரம் பின்னாலிருந்து தள்ளுவதால், பிடித்த பக்கத்துச் சில்லு தடையின்றி ஓட, இயந்திரம் வலப்பக்கம் திரும்பிவிடும். இதை அறியாமல் குளக்கட்டிலிருந்து இறங்கினால் தலைகீழாகப் போகலாம். இறங்குமுன் சிறிய கியரில் போட்டு, நெம்பைத் தொடாமல் கைப்பிடியாலேயே திருப்பவேண்டும். புதிதாக வாங்கிய வீட்டில் வளர்ந்த பையன்கள் இருந்தால் இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். இரவில் வீதியில் ஓடும் பெட்டிக்குப் பின்னால் ஒளிதெறிக்கும் தகடு பூட்டாமல் ஓடவேண்டாம். சுற்றும் பட்டிக்கு மூடி இல்லாமல் விற்றால், வாங்கிய அன்றே மூடி செய்வியுங்கள். சாரமும் சேலையும் அதில் அகப்பட ஒரு கணம் போதும்.

7. மூன்று வீட்டுக்கு ஒரு மிசின்

பத்து ஏக்கர் கணக்கை மீண்டும் பாருங்கள். தனியொருவருக்கு எட்டாதது மூன்று அயலவர் சேர்ந்தால் எட்டிவிடுகிறது. "கூட்டுப் பொருள் குப்பையிலே" என்று சொல்வார்கள். அது விதியில்லாத கூட்டுக்கே பொருந்தும். எமது அனுபவத்தில் நிலைத்த கூட்டுகள் சில விதிகளை வாங்குமுன்னரே எழுதி வைத்தன: ஒருவரே சாரதி, பழுதுக்கு அவரே பொறுப்பு, உழும் முறை சீட்டுக் குலுக்கி ஒவ்வொரு போகமும் மாறும், சொந்த வயலுக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று எல்லோரும் பெட்டிக்குள் போடவேண்டும், அந்தப் பணம் திருத்த வேலைக்கே, எவராவது விலகினால் அவரது பங்கு எவ்வாறு கணிக்கப்படும், டீசலும் ஒயிலும் மாற்றிய நாட்களும் ஒரு கொப்பியில் எழுதப்படும்.

நாம் முதலிற் சொன்ன அந்தப் பதினொரு குடும்பங்களும் இப்படித்தான் எழுந்தார்கள். கெட்டுப்போன இயந்திரத்தைக் கழிவு விலைக்கு விற்று, மூன்று வருடம் சேமித்து, இம்முறை தாங்களே போய்ப் பார்த்து வாங்கினார்கள். பார்க்கப் போனவர்களுள் இருவர் பெண்கள். எஞ்சினில் முதலிற் கை வைத்தவர் அவர்களுள் ஒருவர். "சுடுது, நாங்கள் நாளைக்கு வாறம்" என்று சொல்லி எல்லோரையும் திருப்பி அழைத்து வந்தாராம். மறுநாள் குளிர்ந்த எஞ்சின் எழும்பவேயில்லை. அவர்கள் வாங்கியது அதற்குப் பின்னர் பார்த்த நான்காவது இயந்திரம்.

குழுவிற் கலந்துரையாட

1. எமது ஊரில் கடந்த ஐந்து வருடங்களில் வாங்கப்பட்ட பாவித்த இயந்திரங்கள் எத்தனை? அவற்றுள் இன்று எத்தனை ஓடுகின்றன? ஓடாதவை நின்றதற்குக் காரணம் என்ன?

2. எமது ஊர் வாடகையையும் வட்டியையும் இட்டு மேலேயுள்ள கணக்கைச் செய்யுங்கள். எத்தனை ஏக்கர் வருகிறது?

3. எமது குடும்பத்தில் இயந்திரம் வாங்கும் முடிவை யார் எடுக்கிறார்கள்? நகையை அடைவு வைப்பவரின் கருத்துக் கேட்கப்படுகிறதா?

4. திறந்த பத்திரத்தில் வாங்கிய இயந்திரம் எம்மிடம் இருந்தால், அதைச் சீர்செய்ய முதலில் யாரிடம் போகவேண்டும்?